கணக்கும் களமும்

‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் முதியோர் சொல்லிவந்த அந்த மூன்றரை ஆண்டுகளை எண்ணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருக் கடற்கரையில் இறங்கிய ஜப்பானியப் படை, மிதிவண்டிகளிலும் கால்நடையாகவும் தீபகற்பத்தின் நீளம் முழுவதையும் ஐம்பத்தைந்து நாளில் கடந்தது. குவாந்தான் கடற்பரப்பில் பிரித்தானியரின் இரு பெரும் போர்க்கப்பல்களை விமானங்களாலேயே மூழ்கடித்தது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள், அசைக்க முடியாத கோட்டை என்று பெயர் பெற்றிருந்த சிங்கப்பூர் அப்படையிடம் சரணடைந்தது. தன்னைவிட எண்ணிக்கையில் மிகுந்த ஒரு சேனையைச் சிறைப்பிடித்த இப்பேராற்றல், 1945 ஆகஸ்டில் உணவின்றி, எண்ணெயின்றி, கப்பலின்றி மண்டியிட்டது ஏன்?

பலரும் தரும் விடை ஒன்றுண்டு. அணுகுண்டு விழுந்தது, ஜப்பான் வீழ்ந்தது என்பர். இவ்விடை எளிது, ஆயின் போதாது. இரோஷிமாவில் குண்டு விழுவதற்கு முன்பே ஜப்பானின் கடற்படை அழிந்திருந்தது. தெற்கிலிருந்து எண்ணெய் வருவது நின்றுபோயிருந்தது. நகரங்கள் பல தீக்கிரையாகியிருந்தன. குண்டு முடிவை விரைவுபடுத்தியது என்று சொல்லலாம். தோல்வி அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிவிட்டது.

இன்னுஞ் சிலர் அமெரிக்காவின் செல்வத்தைச் சுட்டுவர். இதில் உண்மை பெரிது. 1941இல் அமெரிக்காவின் எஃகு உற்பத்தி ஜப்பானின் உற்பத்தியைப்போல் பத்து மடங்குக்கு மேல். எண்ணெயிலோ ஒப்பீடே பொருந்தாது. ஜப்பான் தன் மண்ணிலிருந்து எடுத்ததைப்போல் ஏறத்தாழ எழுநூறு மடங்கை அமெரிக்கா எடுத்தது. ஜப்பான் பயன்படுத்திய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அந்த அமெரிக்காவிடமிருந்தே வாங்கப்பட்டது. விற்பவனோடு போர் தொடுத்தால் விளக்கு எரிவது எப்படி? நம் தோட்டத்து மளிகைக் கடையில் பற்றுவரவு வைத்திருந்த எந்தத் தாயும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. எனவே, எதிரி பெரியவன் என்பதனால் தோற்றார்கள் என்று முடித்துவிடுதல் விடையாகாது. எதிரி பெரியவன் என்பதை அறிந்திருந்தும் ஏன் இறங்கினார்கள் என்பதே ஆராயத்தக்கது.

அறிந்திருந்தார்களா என்றால், எழுத்திலேயே அறிந்திருந்தார்கள். 1940இல் தோக்கியோவில் ‘முழுமைப் போர் ஆய்வுக் கழகம்’ என்று ஒன்றை அரசு நிறுவியது. அரசுத்துறை, தரைப்படை, கடற்படை, தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றிலிருந்து முப்பது வயதைச் சற்றே கடந்த திறமைசாலிகள் முப்பத்தைந்து பேரளவில் பொறுக்கி எடுக்கப்பட்டனர். 1941 கோடையில் அவர்களுக்கு ஒரு பயிற்சி தரப்பட்டது. நீங்களே ஓர் அமைச்சரவை; ஒருவர் தலைமை அமைச்சர், ஒருவர் நிதியமைச்சர், ஒருவர் போர் அமைச்சர்; அமெரிக்காவோடு போர் மூண்டால் என்ன நிகழும் என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள் என்பதே அப்பயிற்சி. அவர்கள் தத்தம் துறையின் உண்மை எண்களைக் கொண்டுவந்தனர். எத்தனை கப்பல் மூழ்கும், எத்தனை கட்டலாம், எத்தனை டன் எண்ணெய் வந்து சேரும் என்று மாதக்கணக்கில் கூட்டிக் கழித்தனர். ஆகஸ்டு இறுதியில் உண்மை அமைச்சரவையின் முன் அவர்கள் வைத்த முடிவு இதுதான்: தொடக்கத்தில் வெற்றி கிட்டும்; போர் நீளும்; நீண்டால் நாட்டின் வலிமை தாங்காது; இறுதியில் சோவியத்து ஒன்றியமும் எதிராக நுழையும்; ஜப்பான் தோற்கும்.

அவையில் அமர்ந்து கேட்டவர்களுள் அன்றைய போர் அமைச்சர் தோஜோவும் ஒருவர். இது மேசைமேல் செய்த பயிற்சி, போர் என்பது கணக்கின்படி நடப்பதன்று, ரஷ்யாவோடு நாம் பொருதபோதும் வெல்வோம் என்று நினைத்தா இறங்கினோம் என்ற பொருளில் அவர் மறுமொழி கூறியதாகக் கலந்துகொண்டோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். இதனை வெளியில் பேச வேண்டா என்றும் அறிவுறுத்தப்பட்டதாம். தோஜோ மூடரல்லர். கோப்புகளைக் கூர்ந்து படிப்பவர் என்று பெயர் பெற்றவர். கணக்கு தவறு என்று அவர் சொல்லவில்லை என்பதையே நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். கணக்கு வேறு, களம் வேறு என்று பிரித்துவிட்டார். அவ்வாறு பிரித்தபின் எந்த எண்ணும் எவரையும் தடுக்க இயலாது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் தலைமை அமைச்சரானார்.

இறங்காமல் இருந்திருக்கலாகாதா என்று கேட்பீர்கள். 1937 முதல் சீனாவில் சிக்கியிருந்தது ஜப்பானியப் படை. நகரங்களைப் பிடித்தது, நாட்டைப் பிடிக்க முடியவில்லை. 1941 ஜூலையில் இந்தோசீனாவின் தென்பகுதிக்குள் படை புகுந்ததும் அமெரிக்கா சொத்துகளை முடக்கி எண்ணெயை நிறுத்தியது. சீனாவிலிருந்து வெளியேறுவதே அதற்கு மாற்று. அங்கு மாண்ட வீரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற எண்ணம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இழந்ததை நியாயப்படுத்த மேலும் இழக்கத் துணிந்தனர். அந்நிலையிலும், தெற்கே வந்த படைகள் 51 பிரிவுகளில் 11 மட்டுமே. எஞ்சியவை பெரும்பாலும் சீனாவிலும் மஞ்சூரியாவிலும் கட்டுண்டு கிடந்தன. மலாயாவை விழுங்கியது ஜப்பானின் ஒரு கை மட்டுமே என்பதை நம்மவருள் பலர் அறியார்.

கடற்படைத் தலைவர் யமாமோத்தோ இசொரொக்குவின் கதை இதனினும் வருத்தந் தருவது. அவர் ஹார்வர்டில் பயின்றவர். வாஷிங்டனில் தூதரகத்தில் பணியாற்றியவர். அமெரிக்கத் தொழில்வளத்தைத் தம் கண்ணாலேயே கண்டவர். ஆறு மாதமோ ஓராண்டோ என்னால் ஆடிக்காட்ட முடியும், அதன்பின் உறுதி கூற இயலாது என்று தலைமை அமைச்சர் கொனோயேவிடம் முன்பே தெரிவித்தவர் அவர். அவரே பேர்ள் துறைமுகத் தாக்குதலை வகுத்தார். அதை ஏற்காவிடில் பதவி விலகுவேன் என்றும் மிரட்டினார். எதிரியின் வலிமையை நன்கு அளந்தவரே அந்த அளவைத் தாண்டிப் பாயத் திட்டம் தீட்டினார். வலியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்; அறிந்தவர் அறிந்தபடி நடவாவிட்டால் அவ்வறிவால் யாது பயன்?

அவர் சொன்ன ஆறாம் மாதம் தவறாமல் வந்தது. 1942 மே மாதத் தொடக்கத்தில், யமாத்தோ என்னும் போர்க்கப்பலில் மிட்வே தீவுத் தாக்குதலுக்கான ஒத்திகை நடந்தது. மேசைமேல் கப்பல் பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டி, நடுவர் தீர்ப்புச் சொல்லும் ஆட்டம் அது. எதிரி விமானங்கள் எதிர்பாராது தாக்கினால் என்னாகும் என்று பகடை உருட்டப்பட்டது. ஒன்பது குண்டுகள் பட்டன, இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின என்றார் நடுவர். மூத்த அதிகாரி உகாக்கி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாக்கினார். மூழ்கிய கப்பல்களில் ஒன்று சேதத்தோடு தப்பியதாக மாற்றப்பட்டது. மற்றொன்றும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது! அங்கிருந்த அதிகாரிகளே போருக்குப்பின் எழுதிய நூலில் பதிந்துள்ள செய்தி இது.

ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இதைப் படித்தால் திடுக்கிடுவர். கல்லூரியில் எங்களுக்குக் குறையறி சோதனை என ஒன்றைக் கற்பித்தார்கள். அச்சோதனையில் மாணவன் தவறுவதே நமக்கு வேண்டியது. எந்தப் படியில் தவறுகிறான் என்று கண்டால்தான் குறைநீக்கல் போதனை தொடங்க முடியும். அங்கே மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுகிற ஆசிரியர் மாணவனுக்கு நன்மை செய்வதாக நினைக்கிறார். மாணவனோ தேர்வு மண்டபத்தில் தனியே அமர்ந்திருப்பான். ஜூன் 4ஆம் நாள் மிட்வேயில் நிகழ்ந்ததும் அதுவே. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய கப்பல்களுள் நான்கு, அக்காகி, காகா, சோரியு, ஹிரியு, ஒரே போரில் அழிந்தன.

அழிந்ததைவிட அதன்பின் நடந்தது கேடு மிக்கது. ஒரு கப்பல் மட்டும் மூழ்கியதாகவும் மற்றொன்று சேதமுற்றதாகவும் நாட்டுக்கு அறிவித்தார்கள். காயமுற்றுத் திரும்பிய மாலுமிகளை மருத்துவமனையில் தனிமைப்படுத்தி, யாரும் காணாதபடி வைத்தார்கள். தோல்வியிலிருந்து கற்க வேண்டியவர்கள் தோல்வியையே மறைத்தபின் எதைக் கற்பது? 1943 பிப்ரவரியில் குவாடல்கனால் தீவைக் கைவிட்டபோது, ‘பின்வாங்கல்’ என்னும் சொல்லைத் தவிர்த்து, ‘திசைமாறி முன்னேறல்’ என்று பொருள்படும் ஒரு புதுச் சொல்லை வழங்கினார்கள். அத்தீவில் இறங்கிய முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரில் மூன்றில் இரண்டு பங்கினர் மடிந்தனர். அவருள் பெரும்பாலோரைக் கொன்றவை பசியும் நோயும்.

இனி, உள்வீட்டுப் பகை. தரைப்படையும் கடற்படையும் ஒரே கொடியின்கீழ் இரு நாடுகளாக வாழ்ந்தன. ஜெர்மானிய விமான இயந்திரம் ஒன்றைச் செய்யும் உரிமையை இரண்டும் தனித்தனியே விலைகொடுத்து வாங்கின. தீவுகளுக்கு உணவு கொண்டுசெல்லக் கடற்படையை நம்பாமல் தரைப்படை தனக்கென நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டிக்கொண்டது. தலைமை அமைச்சராக இருந்த தோஜோவுக்கே கடற்படைக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. படைத்தலைமை பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்டது என்று சட்டம் வகுத்திருந்தது. பேரரசரோ வழக்கமாக ஆணையிடுவதில்லை. ஆகவே யாரும் பொறுப்பாளியல்லர்!

இன்னொரு காட்சி. உலகமே வியந்த ‘சீரோ’ போர்விமானத்தின் முதல் மாதிரியை 1939இல் நகோயாத் தொழிற்சாலையிலிருந்து வானூர்தித் திடலுக்கு எப்படிக் கொண்டுபோனார்கள் தெரியுமா? மாட்டு வண்டியில். தொழிற்சாலையை ஒட்டி ஓடுபாதை இல்லை, சாலையோ கரடுமுரடு. விமானத்தைப் பிரித்து, இரண்டு மாட்டு வண்டிகளில் ஏற்றி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர் சிரிக்கட்டும். எனக்கு அந்தப் பொறியாளர்மீது மதிப்பே பெருகுகிறது. ஆனால் 1944இல் அமெரிக்கா 96,000 விமானங்களையும் ஜப்பான் 28,000 விமானங்களையும் செய்தன என்று படிக்கும்போது அந்த வண்டிச் சக்கரத்தின் ஓசை என் காதில் விழுகிறது.

விமானத்தைச் செய்துவிடலாம், விமானியை? போருக்கு முன் ஜப்பானியக் கடற்படை விமானிகள் உலகின் தலைசிறந்தோர் வரிசையில் இருந்தனர். மிகக் கடுமையாக வடிகட்டி, மிகச் சிலரையே தேற வைத்தார்கள். அச்சிலரையும் சாகும்வரை களத்திலேயே வைத்திருந்தார்கள். அமெரிக்கர்களோ, தேர்ந்த விமானியைத் திருப்பி அழைத்துப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியனாக அமர்த்தினார்கள். ஒருவன் கற்றது நூறு பேருக்குப் போயிற்று. இங்கே ஒருவன் கற்றது அவனோடு கடலில் மூழ்கிற்று. இரண்டே ஆண்டில் வேறுபாடு வெளிப்பட்டது. நம் சபாவை அடுத்த தாவி-தாவித் தீவருகே நங்கூரமிட்ட கப்பற்படையின் இளம் விமானிகள், திடலின்றி ஒரு மாதமளவு பறந்து பழகவே இயலாது கிடந்தனர். அங்கிருந்து புறப்பட்டவர்கள் 1944 ஜூன் 19ஆம் நாள் மரியானாத் தீவுகளருகே பொருதனர். ஒரே நாளில் முந்நூறுக்கு மேற்பட்ட விமானங்கள் வீழ்ந்தன. எதிரி இழந்தது முப்பதளவே. அந்த அக்டோபரில்தான் விமானத்தோடு மோதிச் சாகும் தற்கொலைப் படை பிறந்தது. பயிற்றுவிக்க நேரமில்லாதவர்களிடம் உயிரைக் கேட்டார்கள்.

போருக்குக் காரணமான எண்ணெய் என்னாயிற்று? சுமத்திராவின் பலெம்பாங்கையும் போர்னியோவின் கிணறுகளையும் 1942இலேயே பிடித்துவிட்டனர். எண்ணெய் கிடைத்தது, கொண்டுபோகக் கப்பல் கிடைக்கவில்லை. ஜப்பானின் வணிகக் கப்பல்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் டன். ஆண்டுக்கு 8 இலட்சம் முதல் 10 இலட்சம் டன் மூழ்கும் என்று போருக்குமுன் மதிப்பிட்டார்கள். அதைச் சமாளிக்கலாம் என்ற நம்பிக்கையிலேயே முடிவெடுத்தார்கள். 1944இல் மட்டும் மூழ்கியவை 35 இலட்சம் டன்னுக்கு மேல். அமெரிக்க நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களின் சங்கேதச் செய்திகளையே படித்துக்கொண்டிருந்தன. கப்பல்களைக் காக்க ஒரு தனித் தலைமையகத்தை ஜப்பான் அமைத்தது 1943 நவம்பரில்; போர் தொடங்கி ஏறத்தாழ ஈராண்டு கழிந்தபின். போர்க்கப்பலோடு பொருவது வீரம், சரக்குக் கப்பலுக்குக் காவல் நிற்பது எடுபிடி வேலை என்ற எண்ணம் அவர்களிடம் வேரூன்றியிருந்தது. முடிவில், எண்ணெய் கப்பலுக்கு வராததால் கப்பல்கள் எண்ணெயைத் தேடி வந்தன. 1944இல் ஜப்பானின் பெருங்கப்பற்படை சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்காத் தீவுகளருகே முகாமிட்டது அதனால்தான். தாய்நாட்டிலோ பள்ளிப் பிள்ளைகளும் மூதாட்டிகளும் எண்ணெய் வடிப்பதற்காகப் பைன் மரத்தின் வேரைத் தோண்டிக்கொண்டிருந்தனர்.

இந்தக் கப்பற்பஞ்சம் நம் மக்களின் வாழ்வில் நுழைந்த வழியை இங்குச் சொல்லியாக வேண்டும். பர்மாவில் இருந்த படைக்கு மலாக்கா நீரிணை வழியாகப் பொருள் அனுப்பக் கப்பலும் போதவில்லை, கடலும் பாதுகாப்பில்லை. ஆகவே 1942 நடுவில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட முனைந்தார்கள். சிறைப்பட்ட நேச நாட்டு வீரர் 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கு மேல் என்பது போருக்குப் பிந்திய கணக்கு. அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். என் தாத்தாவின் தம்பியும் ஒருவர். மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி உண்டு என்று சொல்லி லயத்திலிருந்து அழைத்துப் போனார்களாம். பாட்டி இதைச் சொல்லும்போது அழுததில்லை. ‘அரிசி உண்டுன்னு சொன்னாங்க’ என்பதை மட்டும் இருமுறை சொல்வார். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி கண்டு கூடாரங்களில் ஆயிரக்கணக்கில் மாண்டவர்களுள் அவர் ஒருவராக இருக்க வேண்டும், திரும்பவில்லை.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, இதை நான் வகுப்பில் கூறியபோது, ‘அவ்வளவு பேர் செத்து அந்த ரயிலால் அவர்கள் ஜெயித்தார்களா, ஐயா?’ என்று கேட்டாள். இல்லை, அம்மா. அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நாளொன்றுக்கு 3,000 டன் போகும் என்று திட்டமிட்டிருந்தார்கள். பாதை முடியும் முன்பே அந்த இலக்கை மிகவும் குறைக்க வேண்டியதாயிற்று. அப்பாதையின் துணையை நம்பியே 1944 மார்ச்சில் இம்பால் மீது படையெடுத்தார் முத்தகுச்சி என்னும் தளபதி. மூன்று வார உணவே கொண்டு மலைகளைக் கடந்தனர். மாடுகளை ஓட்டிச் சென்று, சுமை தூக்க வைத்துப் பின் உண்ணலாம் என்பது அவர் திட்டம். மாடுகள் பல சிந்துவின் ஆற்றிலேயே போயின. மூன்று வாரம் மூன்று மாதமாயிற்று. தம் வீரர் பட்டினி கிடப்பதைப் பொறாத சாத்தோ என்னும் பிரிவுத் தளபதி ஆணையின்றிக் கொஹிமாவிலிருந்து திரும்பினார். விசாரணையில் அவர் உண்மையைப் பேசிவிடுவார் என்று அஞ்சியோ என்னவோ, மனநிலை சரியில்லை எனக் கூறி விசாரணையையே தவிர்த்தார்கள்.

ஜூன் தொடக்கத்தில் மேலதிகாரி கவாபே களமுகாமுக்கு வந்தார். படையெடுப்பு முறிந்துவிட்டது என்பதை முத்தகுச்சி அறிவார், கவாபேயும் அறிவார். இருவரும் எதிரெதிரே அமர்ந்தனர். நிறுத்தலாம் என்று இருவரும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன் எனப் பின்னாளில் முத்தகுச்சி கூறினார். நிறுத்தும் ஆணை ஜூலையில் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் மழையில் நனைந்த மலைப்பாதை நெடுகிலும் பிணங்கள் கிடந்தன. அந்தப் படையெடுப்பில் மாண்ட ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேர். இந்திய தேசிய இராணுவத்தினர் பலரும் அதே பாதையில், அதே பசியால் மடிந்தனர். இப்போர் முழுவதிலும் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், குண்டு வெடிப்பது எதையும் எடுக்க மாட்டேன். பேசாதிருந்த இவ்விருவரையே எடுப்பேன்.

1944 அக்டோபரில், தைவான் கடலோரம் நடந்த விமானப் போரில் பதினொரு அமெரிக்க விமானந்தாங்கிகளை மூழ்கடித்ததாகத் தலைமைப் படையகம் முழங்கிற்று. நாடெங்கும் கொண்டாட்டம். உண்மையில் ஒன்றுகூட மூழ்கவில்லை. புதிதாய்ப் பறந்த விமானிகள் இரவில் கண்ட தீப்பிழம்புகளையெல்லாம் கப்பல் என்று சொல்லியிருந்தனர். கடற்படை இதை விரைவிலேயே கண்டறிந்தது. கண்டறிந்ததைத் தரைப்படையிடம் தெரிவிக்கவில்லை. எதிரிக் கப்பற்படை அழிந்ததென்று நம்பிய தரைப்படை, லூசோனில் நிற்பதை விடுத்து லெய்தேத் தீவில் படையைக் கொண்டுபோய்க் கொட்டியது. அங்கு மாண்டோர் ஏறத்தாழ 80,000. தம் மக்களை ஏமாற்றச் செய்த பொய் தம் படையையே ஏமாற்றியது. ‘தலைமைப் படையக அறிவிப்பு’ என்னும் சொற்றொடரை இன்றும் ஜப்பானியர் நம்பத்தகாத அரசுச் செய்திக்குப் பெயராக வழங்குகின்றனர்.

1945 ஆகஸ்டு 9ஆம் நாள் சோவியத்துப் படை மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. நான்காண்டுக்கு முன் அந்த இளைஞர்கள் எழுதிவைத்ததில் எஞ்சியிருந்ததும் அன்று நடந்துவிட்டது. சரணடைவது முடிவானதும் தோக்கியோ அலுவலக வளாகங்களில் கோப்புகளைக் குவித்து நாட்கணக்கில் எரித்தார்கள். 15ஆம் நாள் நண்பகலில் பேரரசரின் குரல் முதன்முறையாக வானொலியில் ஒலித்தது. அவ்வுரையில் தோல்வி என்ற சொல் இல்லை. போர்நிலை நமக்குச் சாதகமாக அமைந்ததென்று சொல்வதற்கில்லை என்பதே அதன் போக்கு. அரண்மனைப் பழந்தமிழ் போன்ற கடினநடை, இரைச்சல் நிறைந்த ஒலிபரப்பு. கேட்டவர் பலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் கடுமையாகப் போரிடச் சொல்கிறார் என்று கருதியவரும் உண்டு. அறிவிப்பாளர் உரையை மீண்டும் படித்து, எளிய மொழியில் விளக்கமும் சொன்ன பின்னரே, அழத் தொடங்கினார்கள்.